பெரட்டில் ஒரு பெலும்

அந்த ஆப்பிஸில் சேர்ந்த இரண்டாவது நாளே எட்டு நாற்காலிகளைச் சுமந்துகொண்டு போய் அசடு வழிந்தவன் நான்.

பாலம் தாண்டினால் சிங்கப்பூர் என்கிற தூரத்தில், செனாய் தொழிற்பேட்டையில் ஒரு மென்பொருள் கம்பெனி. மாடியில் கம்ப்யூட்டர்காரர்கள் உட்காரும் நீளமான அறை. அறையின் கோடியில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஓர் அடுப்பு, ஓர் ஐஸ்பெட்டி, தே தாரிக் என்கிற நுரைத் தேத்தண்ணியை இழுத்து ஆற்ற இரண்டு டின் குவளைகள், அவற்றோடு நான். கதவில் பேன்ட்ரி என்று எழுதியிருக்கும். அடுப்பு முன்னால் நின்றால் முழு அறையும் தெரியும். இருபது வருடம் சாலையோரக் கடையில் லாரிகளையே பார்த்துத் தே இழுத்தவனுக்கு அது தியேட்டரில் பால்கனி டிக்கெட் கிடைத்த மாதிரி.

காலை ஒன்பதரைக்கு எட்டுப் பேர் எழுந்துபோய் ஒரு சுவரின் முன்னால் அரைவட்டமாக நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்து ஏதோ சொன்னார்கள். நிற்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்து, இடைநிலைப் பள்ளியில் ரிமூவ் வகுப்பில், அதாவது முதல் படிவத்துக்கு முன்னால் ஒரு வருடம் காக்க வைக்கும் வகுப்பில், போட்டார்கள். வகுப்பின் பெயரை நான் ரொம்ப மரியாதையாக எடுத்துக்கொண்டு ஏழாவது மாதம் பள்ளிக்கூடத்தை விட்டே ரிமூவ் ஆகிவிட்டேன்.

ஆக, படித்தவர்களுக்கும் இந்தக் கதிதானா என்று பரிதாபப்பட்டு, சாப்பாட்டு மேசை நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் பின்னால் போட்டேன். நாலு நடை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே இது?" என்றார் நடுவில் நின்ற பெண்.

"உக்காருங்கம்மா. யாரு உங்கள நிக்க வச்சது? என்னா தப்பு செஞ்சீங்க?"

"தப்பு ஒன்னும் இல்லண்ணே. இது நிக்கிற மீட்டிங். உக்காந்தா பேசிக்கிட்டே இருப்பாங்க. நின்னா கால் வலிக்கும், சீக்கிரம் முடிப்பாங்க."

அறை முழுக்கச் சிரித்தது. மறுபடியும் நாலு நடை. நாற்காலிகள் போகும்போது இருந்ததைவிட வரும்போது கனமாக இருந்தன.

அந்தப் பெண்தான் அவர்களுக்குத் தலைமை. முப்பத்தெட்டு வயது, பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். நான் 'மேடம்' என்றேன், பிடிக்கவில்லை. 'தலைவி' என்றேன், அது இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் சிரித்தார், அதனால் அதுவே நிலைத்துவிட்டது. அன்று மதியம் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி, வாங்க வந்தவரிடம் சொன்னேன்.

"தலைவி, இப்பதான் புரிஞ்சது. நீங்க காலையில நின்னது பெரட்டு."

கண்ணில் தண்ணீர் வர அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் வேலையாட்களை வரிசையாக நிறுத்திக் கிராணி என்கிற கணக்கர் பேர் கூப்பிடுவாரே, அதுதான் பெரட்டு. என் அம்மா பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் நின்றது, தலைவியின் அப்பா பாலோ பக்கம் நின்றது.

"ஆனா ஒரு சந்தேகம். எங்கம்மா நின்ன பெரட்டுல கிராணி பேசுவாரு, சனங்க கேப்பாங்க. இங்க என்னா எல்லாருமே பேசறாங்க?"

"இங்க கிராணி இல்லண்ணே. ஒவ்வொருத்தரும் மூனு விசயம் சொல்லணும். நேத்து என்னா செஞ்சேன், இன்னைக்கு என்னா செய்வேன், எதுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்."

மறுநாளிலிருந்து நான் குவளையைக் கழுவுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டேன். முதல் விஷயத்தை எல்லோரும் சொன்னார்கள். இரண்டாவதையும் சொன்னார்கள். மூன்றாவதை யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. எட்டுப் பேர், மாதக்கணக்கில், ஒருவர்கூட எதிலும் மாட்டிக்கொள்ளவில்லையாம். நான் ஒருவன் ஒரு நாளைக்கு நாலு தடவை மாட்டிக்கொள்கிறேன்.

'பெரட்டு' என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரே வாரத்தில் சீனர், மலாய்க்காரர் எல்லோரும் ஒன்பதரைக்கு "பெரட்டு, பெரட்டு" என்று கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். என்னுடைய ஒரே கல்விச் சாதனை அதுதான்.

அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. எதிர்ச்சாலையில் ஒரு பெரிய கிடங்கு. அங்கே ஆயிரக்கணக்கான பெட்டிகள். எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கையில் ஒரு ஸ்கேனரை வைத்து 'பீப்' என்று சுட்டால் கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கை எழுதுகிற ஆளிடமே கேட்டேன். குளுவாங்கைச் சேர்ந்த சீனர், ஏர்கோண்டுக்குப் பயந்து எப்போதும் தலைவரைக்கும் மூடிய குளிர்சட்டை போட்டிருப்பார்.

"அன்னே, பொட்டி காணோம், புரோகிராம் தேடும். அவ்ளோதான் லா" என்றார். எனக்குத் தமிழில் விளக்கிய முதல் கம்ப்யூட்டர்காரர் அவர்தான்.

அவர் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பவர் ஒரு மலாய்க் காக்கா. காக்கா என்றால் அக்கா, பறவை இல்லை; கூப்பிடும்போது காக். நாற்பது தாண்டியவர், தனியாக இருப்பவர், நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் எப்போதும் கையில். முன்பு வேறு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவரைத் தலைவிதான் பேசி அழைத்து வந்தார். நான் வந்த முதல் வாரம் என் வாய் சும்மா இருக்காமல் கேட்டது.

"காக், கல்யாணம் ஆச்சா?"

"பெலும், பாங்" என்றார், அசராமல்.

பாங் என்றால் அண்ணே, பெலும் என்றால் 'இன்னும் இல்லை'. 'இல்லை' என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும். 'இன்னும் இல்லை' என்று சொன்னால் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கும். மலாய்க்காரர்கள் கண்டுபிடித்ததில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக்கு அடுத்து எனக்குப் பிடித்தது அந்தச் சொல்தான்.

ஆனால் பெரட்டில் நான் தினமும் கேட்டது வேறு சொல்: சியாப். தயார், முடிந்தது என்று அர்த்தம். "ஸ்கேனர் பக்கம்?" "சியாப்." "ரிப்போர்ட்?" "சியாப்." சுவரில் ஒரு பெரிய திரை இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். சியாப் என்று சொன்னதும் கட்டம் பச்சையாகிவிடும். திரை முழுக்கப் பச்சை, கொடிகட்டிப் பறந்தது.

சியாப் விஷயத்தில் நான் பெரிய நிபுணன் என்று சொல்லிக்கொள்ளலாம். "சாப்பாடு சியாப்" என்று நான் சொன்னால் அரிசி கழுவியாகிவிட்டது என்று அர்த்தம். "வண்டி சியாப்" என்று பட்டறைக்காரர் சொன்னால் வண்டியை இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். "கெளம்பிட்டேன்" என்று என் மச்சான் சொன்னால் துண்டோடு குளியலறை வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம். ஆனால் படித்தவர்களின் சியாப்பும் இதே ஜாதிதான் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவர்களுடைய சியாப் சாணிக்காகிதத்தில் இல்லாமல் சான்றிதழில் எழுதிய சியாப் என்று நம்பினேன்.

முதல் தடவை கிடங்கில் ஓட்டிப் பார்த்தபோது நூறு பெட்டியைச் சுட்டார்கள், கம்ப்யூட்டர் எழுபதுதான் என்றது. திரும்பி வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் சிங்கப்பூர் பாஸ் உற்சாகம் கொடுக்க ஆரம்பித்தார். பாலம் தாண்டி மாதம் ஒருமுறை வருகிற மனிதர். கெட்டவர் இல்லை. முதலில் எல்லோருக்கும் டீசட்டை வந்தது, முன்பக்கம் 'ஒரே அணி, ஒரே கனவு' என்று இங்கிலீஷில். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அளவு சின்னது. என் வயிற்றின்மேல் அந்தக் கனவு தொப்புளுக்கு மேலேயே முடிந்துவிட்டது. பிறகு பௌலிங் கூட்டிப் போனார்கள். பௌலிங்கிலும் இரண்டிரண்டு பேராகத் தனித்தனியாகத்தான் நின்றார்களாம். பிறகு 'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று குளிர்சட்டைக்காரர் படத்தைச் சட்டம் போட்டு என் ஐஸ்பெட்டிக்கு மேலே மாட்டினார்கள். அன்றிலிருந்து அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சிறந்த ஊழியரிடம் போய்ச் சந்தேகம் கேட்டால் நாம் சிறந்தவர் இல்லை என்று ஆகிவிடுமே. அவரும் யாரிடமும் கேட்பதில்லை. சிறந்தவர் எப்படிக் கேட்பது? ஒரு நாள் அவரே வந்து படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

என் பங்குக்கு நானும் உற்சாகம் கொடுத்தேன். தே சாயத்தைக் கூட்டினேன், வடையில் மிளகைக் கூட்டினேன். வடை தீர்ந்தது. வேறு மாற்றம் ஒன்றும் இல்லை. மனிதர்களுக்குள் என்ன போட்டால் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்வார்கள்? நிஜமாகவே எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அடுப்பின் முன்னால் நின்று அதையே யோசித்துப் பால் பொங்கி வழிந்த நாட்கள் உண்டு.

இரண்டாவது தடவையும் கிடங்கில் கணக்கு தப்பியது. கிடங்குக்காரர்கள் எதிரிலேயே சிரித்தார்களாம்.

மறுநாள் தலைவி வந்து தே ஓ கோசோங் கேட்டார். கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அண்ணே, அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை பாஸ் வர்றாரு. அன்னைக்கும் தப்புச்சுன்னா டீமைக் கலைச்சிருவாரு. ஆளுக்கு ஒரு பக்கம் மத்த டீம்ல போட்டுருவாரு. நேரா சொல்லிட்டாரு."

"உங்களுக்கு வேலை போயிருமா?"

"எனக்குப் போவாது. அதுவா விசயம்? இந்த ஏழு பேரையும் ஒவ்வொருத்தரா தேடிப் புடிச்சேன். காக்கா என்னை நம்பித்தான் அந்த வேலைய விட்டுட்டு வந்தாங்க. அவங்க மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?"

எனக்குச் சொல்லத் தெரிந்த ஆறுதல் எல்லாம் சாப்பாடுதான். "தலைவி, அன்னைக்கு காலைச் சாப்பாடு நான் போடறேன். நாப்பது நாசி லெமாக், வாழையில மடிச்சு, நெத்திலி சம்பாலோட. பாஸு ஒரு வாய் வச்சாருன்னா கலைக்க மனசே வராது."

"செய்வீங்களாண்ணே? சியாப்பா?"

"சியாப்!" என்றேன். என் நாக்கு அப்படித்தான். மூளைக்குத் தகவல் போவதற்கு முன்னாலேயே அது சொல்லிவிடும்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நாப்பதா? எதுல அவிப்பீங்க? பெரிய சட்டி கோயில்ல இருக்கு. திருவிழாவுக்கு நீங்கதானே தூக்கிட்டுப் போய்க் குடுத்தீங்க?"

"திருவிழா முடிஞ்சிரும்."

"உங்க வெள்ளிக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான் முடியுது."

பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் தலைவி கேட்ட போதெல்லாம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு பேரிடம் சட்டி கேட்டுப் பார்த்தேன். அவர்கள் சட்டியும் கோயிலில்தான் இருந்தது. அம்மனிடம் போய், தாயே, சர்க்கரைப் பொங்கலைக் கொஞ்சம் நிறுத்து, எனக்கு நாசி லெமாக் அவிக்கணும் என்று கேட்க முடியுமா? கேட்டிருப்பேன். பூசாரி என் மாமனார் வகையில் சொந்தம், மானம் போகும்.

இப்படியே அந்த வியாழக்கிழமை வந்துவிட்டது. பாஸ் வருவதற்கு முதல் நாள். ஒன்பதரை மணிப் பெரட்டு. நான் தட்டில் எட்டுக் குவளைகளை வைத்துக்கொண்டு அரைவட்டத்துக்குள் போனேன். தலைவி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"ரிப்போர்ட்?"

"சியாப்."

"ஸ்கேனர்?"

குளிர்சட்டைக்காரர் தரையைப் பார்த்து, "சியாப்" என்றார்.

"டெஸ்டிங், காக்?"

காக்கா நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார்.

தலைவி என் பக்கம் திரும்பினார். முகத்தில் அத்தனை கவலையிலும் ஒரு சின்னச் சிரிப்பு. "அண்ணே, நீங்களும் பெரட்டுல நிக்கிறீங்க. சொல்லுங்க, நாளைக்கு நாசி லெமாக் சியாப்பா?"

கையில் தட்டு இருந்ததால் கட்டை விரலைத் தூக்க முடியவில்லை. இன்றைக்கும் நான் நினைப்பது அதுதான்: கை சும்மா இருந்திருந்தால் தூக்கியிருப்பேன், கதை வேறு மாதிரி போயிருக்கும். வாயால் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வாயைத் திறந்தேன். எதிரில் எட்டுப் பேர் நிற்கிறார்கள், நானும் நிற்கிறேன். ரிமூவ் வகுப்பில் "வீட்டுப்பாடம் செஞ்சிட்டேன் சார், வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்று நின்றேனே, அதே நிற்பு.

"பெலும்" என்றேன்.

"என்னது?"

"பெலும், தலைவி. சட்டி இல்ல. சட்டி கோயில்ல இருக்கு, அம்மன் ஞாயித்துக்கிழமைதான் விடுவாங்க. நான் சியாப்னு சொன்ன அன்னைக்கே சட்டி இல்ல. நாலு வாரமா சும்மா வெரலக் காட்டிக்கிட்டு இருந்தேன். அரிசிகூட வாங்கல."

பிறகு யாரோ ஒருவர் 'புர்ர்' என்று சிரித்தார். அப்புறம் எல்லோரும். "அலமாக், அன்னே! நாப்பது பொட்டலம், அரிசிகூட இல்லையா!" "நாலு வாரம் அன்னே, நாலு வாரம்!" காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தட்டோடு நின்றேன். அவ்வளவு அவமானத்திலும் ஒன்று கவனித்தேன். குளிர்சட்டைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் குளிர்சட்டையின் தொப்பியைப் பின்னால் தள்ளினார். அவருக்குத் தலைமுடி இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

"என்னோடதும் பெலும்" என்றார்.

சிரிப்பு நின்றது. அவர் மலாயிலும் இங்கிலீஷிலுமாகச் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: மேசையில் உட்கார்ந்து சுட்டால் ஸ்கேனர் சரியாக வேலை செய்கிறது. ஆனால் கிடங்கின் பின்வரிசைகளில், தகரக் கூரைக்கு அடியில், லைன் கிடைப்பதில்லை. லைன் போனதும் அது 'பீப்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணக்கை விழுங்கிவிடுகிறது. சரிசெய்யத் தெரியும், ஆனால் நாள் போதவில்லை. கேட்கக் கூச்சம். ஐஸ்பெட்டிக்கு மேலே படம் வேறு.

"எத்தனை நாளா தெரியும்?" என்றார் தலைவி.

"ரெண்டு வாரம்."

"எனக்கு ரெண்டு மாசம்" என்றார் காக்கா.

நீல நோட்டைத் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக எந்த வரிசை, எந்த நேரம், எத்தனை பெட்டி விட்டுப்போனது என்று எழுதியிருந்தது. "மொதல்ல பாத்தப்ப இவர் மேசைக்குப் போய் ஒரு தடவை சொன்னேன். 'என் மேசையில ஓடுதே, காக்'னு சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எழுதிப் போட்டுக்கிட்டே இருந்தேன். திரை பச்சையா இருந்துச்சு. யாரும் படிக்கல."

நான் மெல்லத் தட்டை மேசையில் வைத்தேன். உடையக்கூடிய சாமான் கையில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஏழு பேரும் தலைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் பாஸ். எனக்குத் தெரிந்த கிராணிகள் இந்த இடத்தில் யார்மேல் பாய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவர் மார்க்கரை எடுத்தார். திரைக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைப் பலகையில் 'பெலும்' என்று பெரிதாக எழுதினார். அதன் கீழே முதல் வரியில் தன் பெயரை எழுதினார்.

"நான் மொதல்ல சொல்றேன். சிங்கப்பூருக்குப் போன மாசமே எல்லாம் சியாப்னு எழுதிட்டேன். அந்தப் பின்வரிசைக்கு நான் ஒரு நாள்கூடப் போனதில்ல." மார்க்கரை அடுத்த வரியில் வைத்தார். "அடுத்து யாரு?"

ரிப்போர்ட் செய்கிறவர் கையைத் தூக்கினார். அவருடைய சியாப் பாதி சியாப்பாம். அவருக்குப் பக்கத்தில் நின்றவர், அந்த மீதிப் பாதியைத் தான்தான் செய்ய வேண்டும் என்று இப்போதுதான் தெரியும் என்றார். தலைவி ஒவ்வொன்றையும் பலகையில் ஒரு வரியாக எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. ஒருவர் குறுக்கே ஒருவர் பேசினார்கள். "டேய், அத நான் போன வருசமே செஞ்சு வச்சிருக்கேன், கேட்டிருக்கலாம்ல!" என்று ஒருவர் கத்தினார். குளிர்சட்டைக்காரர் காக்காவின் நோட்டை வாங்கிப் படித்துப் படித்து நெற்றியில் அடித்துக்கொண்டார். கால் மணி நேரப் பெரட்டு ஒன்றரை மணி நேரம் ஓடியது. இடையில் நான் போய் நாற்காலிகளை இரண்டிரண்டாகக் கொண்டுவந்து போட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, உட்கார்ந்தார்கள்.

கடைசியில் ஒருவர் கேட்டார்: "பாஸுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிரலாமா?"

"வேணாம்" என்றார் தலைவி. "வரட்டும். வந்து பாக்கட்டும்."

வெள்ளிக்கிழமை பாஸ் வந்தார். நான் ரொட்டி வாட்டிக் காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவி வைத்திருந்தேன். அதற்குச் சட்டி தேவையில்லை. அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். "நாசி லெமாக் இருக்குன்னு சொன்னாங்களே?"

தலைவி என்னைப் பார்த்தார்.

"பெலும், பாஸ்" என்றேன்.

தலைவி அவரை மீட்டிங் அறைக்குக் கூட்டிப் போகவில்லை. நேரே எதிர்ச்சாலைக் கிடங்குக்குக் கூட்டிப் போனார். மற்ற ஏழு பேரும் பின்னால் போனார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அதனால் தேத்தண்ணி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"பாஸ், நான் போன மாசம் சியாப்னு எழுதினது தப்பு" என்று தலைவி ஆரம்பித்தார். "இதான் ஸ்கேனர். இந்த வரிசையில சுடுங்க."

சுட்டார். பீப். காக்காவின் கையிலிருந்த திரையில் எண் ஏறியது.

"இன்னும் உள்ள போங்க."

நாலாவது வரிசை, ஏறியது. ஏழாவது, ஏறியது. ஒன்பதாவது வரிசையில் சுட்டார், பீப், எண் அப்படியே நின்றது. மறுபடியும் சுட்டார். பீப். நின்றது.

"பாலத்துல ரெண்டு மணி நேரம் ஜாம்ல உக்காந்து வந்தவன்கிட்ட, வேலை செய்யாததைக் காட்டறீங்களா?" என்றார். இங்கிலீஷில்தான் சொன்னார், அந்த முகத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஆமா பாஸ். வேலை செய்யறதையும் காட்டறேன். மொதல்ல இது."

நான் பிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாஸ் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பத்தாவது வரிசைக்குப் போனார். சுட்டார். பதினொன்று. திரும்பி எட்டுக்கு வந்தார். எட்டில் பாதி வேலை செய்தது, பாதி செய்யவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி முன்னும் பின்னும் நடந்து, எந்தப் பெட்டிக்கு மேல் லைன் சாகிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார். ஒரு பெட்டியைத் தொட்டு, "இது" என்றார்.

"அதுக்கு முந்தினது, பாஸ்" என்றார் காக்கா.

பாஸ் முதல் முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தார். நீல நோட்டை வாங்கினார். ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து படித்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கியது தெரியாமலே குடித்தார். இருபது நிமிடம் இருக்கும். குளிர்சட்டைக்காரரிடம் ஏதோ கேட்டார். அவர் "தெரியாது, பாஸ்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "இவருக்குத் தெரியும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்க நான் அத்தனை மாதம் மிளகை வீணாக்கியிருக்கிறேன்.

ஆனால் மாடிக்குத் திரும்பி வெள்ளைப் பலகையைப் படித்த பிறகும் பாஸ் ஒன்றும் முடிவு சொல்லவில்லை. "திங்கக்கிழமை எழுதறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் பாலத்து ஜாமுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அந்தச் சனி, ஞாயிறு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மனைவி, "உங்களுக்கு என்னா வந்துச்சு? கம்ப்யூட்டரா தட்டறீங்க?" என்றாள். சட்டியைக் கோயிலிலிருந்து தூக்கி வந்தேன். அடியில் பொங்கல் ஒரு விரல் கனத்துக்குத் தீய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டிக்கொண்டே, என் சொல்லால்தானே இதெல்லாம் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு சியாப் என்றே சொல்லியிருந்தால், பாஸ் முன்வரிசையில் மட்டும் சுட்டுப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகப் போயிருப்பாரோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய் நாற்பது நாசி லெமாக்கையும் அடுக்கி வைத்தேன். யாரும் கேட்கவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொருவராக வந்தார்கள், கம்ப்யூட்டரைத் திறந்தார்கள், மூடினார்கள். ஒன்பதரைக்குப் பெரட்டுக்கு நின்றார்கள். தலைவி வரவில்லை. கைப்பேசியைப் பார்த்தபடி படியேறி வந்தவர் சுவரின் பக்கம் போகாமல் நேரே என் அடுப்புக்கு வந்தார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தே ஓ கோசோங், அண்ணே."

ஊற்றினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழு பேர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தலைவி, பாஸ் எழுதிட்டாரா?"

"எழுதிட்டாரு."

"டீமைக் கலைச்சாச்சா?"

அவர் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, அவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"பெலும்!"

பலகையில் இருக்கும் வரிகள் எல்லாம் அழிகிற வரைக்கும் டீம் அப்படியே இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாராம். பச்சைத் திரையைத் தனக்கு அனுப்ப வேண்டாம், வெள்ளைப் பலகையைப் படம் பிடித்து அனுப்புங்கள் என்றும் எழுதியிருந்தாராம். நான் அங்கேயே பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். குளிர்சட்டைக்காரர் மூன்று சாப்பிட்டார். அந்த இடைவெளியில் ஐஸ்பெட்டிக்கு மேலே இருந்த படத்தை யாரோ கழற்றிவிட்டார்கள். சட்டம் மட்டும் இருந்தது. காக்கா அதற்குள் அன்றைய வடை, மலாய்க் குவே பலகாரப் பட்டியலை எழுதிச் செருகினார்.

ஒன்பதாவது வரிசை ஒன்றரை மாதத்தில் வேலை செய்தது. பலகையில் ஒரு வரி அழிந்தால் இன்னொரு வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் டீமும் இருக்கிறது. இப்போது பெரட்டில் மூன்றாவது விஷயத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒன்பதாவது ஆளாக நானும் தட்டோடு நிற்கிறேன். என் முறை வந்ததும் எல்லோரும் ஒரே குரலில் கேட்பார்கள்.

"அன்னே, வடை?"

எண்ணெய் காய்ந்திருக்காது. மாவுகூட அரைத்திருக்க மாட்டேன். கட்டை விரல் தானாக உயரப் பார்க்கும். தட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.